உயிர்த்தெழுதலும் சபையும்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தமிழ் ஆங்கிலிக்கன் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்பது ஏறக்குறைய இதைத்தான். பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே அறிக்கையிடுமுன் படிக்கும் வகுப்பு. பிள்ளைகளுக்கென்று தொடங்கியது, இப்போது பெற்றோரும், கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவர்களும், சும்மா கேட்டுப் பார்க்க வருகிறவர்களும் உட்காருகிறார்கள். நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. அப்பா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், அம்மா வெள்ளவத்தை ஆங்கிலிக்கன். இரண்டு வீட்டுக் கதையும் கேட்டு வளர்ந்ததுதான் என் தகுதி. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

உயிர்ப்பு என்கிறார்கள், உயிர்த்தெழுதல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். அப்பா வீட்டில் உயிர்ப்பு, பூசை, பங்குத்தந்தை, நற்கருணை. அம்மா வீட்டில் உயிர்த்தெழுதல், ஆராதனை, போதகர், திருவிருந்து. சின்ன வயதில் இவை இரண்டு மதங்கள் என்று நினைத்திருந்தேன். நடந்ததாக நம்பும் சங்கதி ஒன்றே: ரோம ஆளுநன் பிலாத்துவின் காலத்தில் எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டு, செத்து, அடக்கம்பண்ணப்பட்ட இயேசுவை மூன்றாம் நாள் கடவுள் எழுப்பினார்.

மறுபிறப்பு மாதிரியா? ஆவியாக வந்தாரா?

இந்த ஊரில் இது கட்டாயம் வரும் கேள்வி. பக்கத்து வீட்டில் பௌத்தர், எதிர்வீட்டில் இந்து, இருவருக்கும் மறுபிறப்பு பழகிய சொல். அதனால் நம் பிள்ளைகளும் உயிர்த்தெழுதலை அதற்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுபிறப்பில் பழைய உடல் விடுபட்டுப் போகிறது. வேறு உடலில் வேறு வாழ்க்கை. கிறிஸ்தவ நம்பிக்கை அந்த உடலையே விட மறுக்கிறது. கல்லறையில் வைத்தவர் யாரோ அவரேதான் எழுந்தார், ஆணித் தழும்புகளோடு. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் பயந்து ஆவி என்று நினைக்கிறார்கள். அவர் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன் துண்டொன்றை வாங்கிச் சாப்பிட்டுக் காட்டுகிறார். மீன் சாப்பிடுகிற ஆவியை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே நேரம், பழைய உயிர் அப்படியே திரும்பி வந்த கதையும் இல்லை. செத்துப்போன லாசருவை இயேசு எழுப்பினார், பிறகு ஒரு நாள் அவன் மறுபடி செத்திருப்பான். இயேசு இனிச் சாவதில்லை. பூட்டிய அறைக்குள் வருகிறார். எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் கூடவே நடந்தும் சீஷர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போஸ்தலர் பவுல் இதை விதையை வைத்து விளக்குகிறார் (1 கொரிந்தியர் 15). விதைப்பது வேறு, முளைத்து வருவது வேறு. ஆனாலும் அந்த விதையின் செடிதான் அது. பனங்கொட்டையைப் பார்த்துப் பனையைக் கற்பனை செய்யச் சொன்னால் யாரால் முடியும்? அந்த அளவில்தான் நமக்கும் விளங்கும்.

இன்னொன்று. ‘செத்த பிறகு ஆத்துமா மோட்சத்துக்குப் போகும், அவ்வளவுதானே’ என்று சபையிலேயே பலர் நினைக்கிறார்கள். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தில் நாம் சொல்வதோ ‘சரீரம் உயிர்த்தெழுதல்’. அப்பா கடைசிக் காலத்தில் முழங்கால் நோவோடு கிடந்தபோது அந்த வரிக்கு ஒரு கனம் வந்தது. கடவுளுக்கு இந்த முழங்காலும் முக்கியம் என்கிற நம்பிக்கை அது.

உண்மையில் நடந்தது என்று நிரூபிக்க முடியுமா?

முடியாது, ஆய்வுகூடத்தில் நிரூபிக்கிற மாதிரி. ஆனால் ஒன்றுமே இல்லாமல் நம்பச் சொல்கிறோம் என்பதும் சரியில்லை.

உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் உள்ள மிகப் பழைய எழுத்து சுவிசேஷங்கள்கூட இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம். கி.பி. 50களின் நடுவில் எழுதியது. சிலுவைச் சம்பவம் 30ஐ ஒட்டி நடந்தது என்றால், இடைவெளி ஏறத்தாழ 25 வருடம். 1990களின் கொழும்பைப் பற்றி இன்று நாம் கதைப்பதைவிடக் கிட்ட. அதிலும் 15ஆம் அதிகாரத்தில் அவர் கொடுக்கும் பட்டியல் தான் சொந்தமாக எழுதியதில்லை, தனக்கு ஒப்புவிக்கப்பட்டது என்கிறார். கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர், கடைசியாகத் தான். அந்த ஐந்நூறு பேரில் அதிகமானோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிற தொனி அது.

அப்புறம் பெண்கள். நான்கு சுவிசேஷங்களிலும் வெறுங் கல்லறையை முதலில் பார்ப்பது பெண்கள். அக்காலத்தில் பெண்ணின் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லை. கதை கட்டுகிறவன் இப்படிக் கட்டமாட்டான். பேதுருவையோ யோவானையோ முதலில் அனுப்பியிருப்பான். லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார்: பெண்கள் சொன்னது அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது. இந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போது பின்னால் இருக்கும் அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

இவற்றை வைத்து ஒரு சரித்திர ஆசிரியர் எவ்வளவு தூரம் போகலாம்? இயேசு செத்துக் கொஞ்ச நாளிலேயே, ஓடி ஒளிந்திருந்த ஒரு கூட்டம் அவரை உயிரோடு கண்டதாகச் சொல்லத் தொடங்கியது, அதற்காக அடி வாங்கியது, சிலர் செத்தும் போனார்கள் என்பதுவரை. அதற்கு மேலே வைக்கும் அடி விசுவாசம். அதையும் சரித்திரமே வைத்துத் தரும் என்று சொல்லும் வீடியோக்களை நான் பிள்ளைகளுக்கு அனுப்புவதில்லை.

நான்கு சுவிசேஷமும் நான்கு விதமாகச் சொல்கின்றனவே?

ஆமாம். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும் பெயரோடு வருகிறாள், மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர். தூதன் ஒருவனா இருவரா என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஒரு செத்தவீட்டில் நடந்ததை நாலு சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இதுதான் கிடைக்கும். நாலும் அச்சொட்டாக ஒன்றாயிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆலயத்துக்கு வரலாமா? விசுவாசப்பிரமாணம் சொன்னால் பொய்யாகாதா?

வகுப்பில் கை தூக்கிக் கேட்கப்படும் கேள்வி இல்லை இது. முடிந்த பிறகு, படியில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பார்கள்.

யோவான் 20ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். முதல் ஞாயிறு மாலை, கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் சீஷர்களிடம் இயேசு வருகிறார். அவர்களில் ஒருவனான தோமா அங்கே இல்லை. எங்கே போனான் என்று எழுதப்படவில்லை. சாமான் வாங்கக்கூடப் போயிருக்கலாம். திரும்பி வந்தவனிடம் எல்லோரும் கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள். ஆணித் தழும்பில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறான். அடுத்த வரி எட்டு நாள் கழித்துத் தொடங்குகிறது: சீஷர்கள் மறுபடி வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள், தோமாவும் அவர்களுடன் இருக்கிறான்.

அந்த எட்டு நாளைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள், ஒருவன் நம்பவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ‘நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை’ என்று அவர்கள் துரத்தவில்லை. ‘உங்களுக்கெல்லாம் பைத்தியம்’ என்று அவனும் எழும்பிப் போகவில்லை. அந்த வாரம் எப்படிப் போயிருக்கும்! இரவில் விளக்கை அணைத்த பிறகு யாராவது ஒருவர் மெல்ல அந்தப் பேச்சை எடுத்திருப்பார், இன்னொருவர் ‘விடப்பா, அவன் தூங்கட்டும்’ என்றிருப்பார். இயேசு மறுபடி வந்தபோது தோமா அங்கே இருந்தான் என்றால், அந்த ஏழெட்டு நாளும் இரண்டு பக்கமும் பொறுத்துக்கொண்டதால்தான். சபை என்றால் என்ன என்று கேட்டால் நான் அந்த எட்டு நாளைத்தான் காட்டுவேன். ஞாயிற்றுக்கு ஞாயிறு எண்ணினால் நாங்கள் கூடுவதும் அதே இடைவெளியில்தான்.

பிறகு இந்தத் தோமாதான் மயிலாப்பூர்வரை வந்து உயிரை விட்டதாகத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் நெடுநாள் மரபு சொல்கிறது. ஜிந்துப்பிட்டியில் அவர் பெயரிலேயே ஒரு பழைய தமிழ் ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. சந்தேகப்பட்டவன் பெயரைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு சந்தேகப்படுகிறவரை வாசலில் நிறுத்த எங்களுக்கு என்ன உரிமை?

விசுவாசப்பிரமாணம் பற்றி. நிசேயா விசுவாசப்பிரமாணம் 325ஆம் ஆண்டு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில்தான் தொடங்கியது. ஒருவருக்கு இன்று முடியாததை அந்தப் பன்மை சேர்த்துத் தூக்கும். அம்மா செத்த பிறகு சில மாதம் எனக்கு உயிர்த்தெழுதலைச் சொல்லும் அந்தக் கடைசி வரி வாயில் வரவில்லை. பேசாமல் நின்றேன். பக்கத்தில் நிற்கும் மாமி ஒருவர் எப்போதும் மற்றவர்களைவிட அரைச் சொல் முந்திச் சத்தமாகச் சொல்வார்; முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். அந்த மாதங்களில், இவர் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். எந்த ஞாயிற்றில் நானும் திரும்பச் சொல்லத் தொடங்கினேன் என்பது நினைவில்லை.

2019க்குப் பிறகும் எப்படி ‘அவர் உயிர்த்தெழுந்தார்’ என்று வாழ்த்துகிறீர்கள்?

கேட்டவர் ஒரு கத்தோலிக்கத் தாய். கோபத்தோடு கேட்கவில்லை, களைப்போடு கேட்டார்.

தெரியாத இளம் பிள்ளைகளுக்காக: 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள் ஆகிய இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். நாங்கள் ஆராதனை முடிந்து ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு நின்ற நேரத்தில் போன்கள் அடிக்கத் தொடங்கின. கொச்சிக்கடையில் எங்கள் அப்பாவின் ஆட்கள் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள். அன்று யார் போனார்கள், யார் போகவில்லை என்று எண்ணி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கொழும்பில் பொதுப் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நிறைவேற்றிய பூசையை ஜனங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கொச்சிக்கடை ஆலயம் ஜூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், திரும்பத் திறந்தது.

கடவுள் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘கடவுளின் திட்டம்’ என்று செத்தவீட்டில் சொல்கிறவர்களைத் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள். இயேசுவே லாசருவின் கல்லறையில் விளக்கம் சொல்லவில்லை, அழுதார். எழுப்பப் போவது தெரிந்தும் அழுதார்.

கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் இரத்தத் துளிகள் தெறித்த உயிர்த்த இயேசு சிலை ஒன்று கண்ணாடிக்குள் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. கழுவி, பெயின்ற் அடித்து வைத்திருக்கலாம். செய்யவில்லை. தோமாவுக்கு இயேசு காட்டியதும் அழியாத தழும்பைத்தானே. உயிர்த்தெழுதல் நடந்ததை அழித்து எழுதுவதில்லை. அன்றைய ரோம அரசு அதிகாரம் ஒரு குற்றமற்றவனைக் கொன்று விவகாரத்தை முடித்துவிட்டதாக நினைத்தது. முடியவில்லை என்று கடவுள் சொன்னார். அந்தத் தாய்க்கு நான் சொன்னது இவ்வளவுதான். அவர் ‘சரி’ என்றார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. வாழ்த்துவது பற்றிக் கேட்டால், அந்த வருடத்துக்குப் பிறகு நாங்கள் அதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்கிறோம்.

அப்படியென்றால் மன்னித்துவிட்டு விசாரணையை விட்டுவிட வேண்டுமா?

இல்லை. பழிவாங்குவது வேறு, நீதி கேட்பது வேறு. அந்த மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பழிவாங்கல் எவ்வளவு கெதியில் சம்பந்தமில்லாதவன் வீட்டுக் கதவைத் தட்டும் என்று பார்த்தோம். நீதிக்கு வேறு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குக்குப் போனவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்லக்கூடாது.

உடலைத் தகனம் செய்தால் எப்படி உயிர்த்தெழுவது?

பொரளைக் கனத்தை மயானத்தில் இடம் எடுப்பதும் அதற்கான செலவும் தெரிந்தவர்களுக்கு இது வேதசாத்திரக் கேள்வி மட்டுமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு இருந்த தடையை எடுத்தது. அடக்கத்தையே விரும்புகிறது, தகனத்தைத் தடுப்பதில்லை. 2016இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல், சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவாமல், பொதுவாக வீட்டிலும் வைத்திருக்காமல், கல்லறைத் தோட்டம் போன்ற ஒரு புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. ஆகவே முகத்துவாரக் கடலில் கரைக்கலாமா என்று கேட்கும் கத்தோலிக்க உறவினருக்குப் பதில்: கூடாது, பங்குத்தந்தையோடு கதையுங்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் தகனம் சாதாரணம்.

கொவிட் காலத்தில் இந்த நாட்டில் தொற்றால் இறந்த எல்லோரையும் கட்டாயமாகத் தகனம் செய்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்த விதி நீங்கியது. முஸ்லிம்களுக்கு அது பெருங் கொடுமை. அடக்கத்தையே எதிர்பார்த்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் உடைந்துபோயின. அவர்களுக்கு அப்போதும் இப்போதும் ஒரே பதில்: எரிந்த பிறகு எழுப்ப முடியாத கடவுளுக்கு மக்கிப்போன பிறகும் முடியாது. முதல் நூற்றாண்டுகளில் சிங்கத்துக்குப் போடப்பட்டவர்களும் நெருப்பில் எரிக்கப்பட்டவர்களும் இதே நம்பிக்கையோடுதான் போனார்கள்.

செத்தவர்கள் இப்போது எங்கே? அவர்களுக்காக ஜெபிக்கலாமா?

இதில் அப்பா வீடும் அம்மா வீடும் பிரியும். கத்தோலிக்கர் உத்தரிக்கும் நிலையில், அதாவது மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் நிலையில், உள்ள ஆன்மாக்களுக்காக மன்றாடுகிறார்கள். முப்பத்தோராம் நாள் பூசை, ஆண்டுப் பூசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பெரும்பாலான புரட்டஸ்தாந்தர் நன்றி சொல்லி நினைவுகூர்வதோடு நிற்கிறார்கள். ஆங்கிலிக்கன்களாகிய நாங்கள் வழக்கம்போல் நடுவில்.

யாழ்ப்பாணப் பக்கத்தில் கிறிஸ்தவ மயானத்துக்குச் சேமக்காலை என்று பெயர். அம்மாவின் பாட்டி வழியாக எனக்கு வந்த சொல். காலை என்றால் அடைப்பு, மாட்டுக்காலை போல. பத்திரமாக வைக்கிற இடம் என்றுதான் என் காதில் விழுகிறது. சுடுகாடு, இடுகாடு என்ற சொற்களில் முடிந்துபோன தொனி இருக்கும். இதில் யாரோ வந்து திறப்பார்கள் என்கிற எதிர்பார்ப்பு. எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, கடவுளிடம் பத்திரமாக என்கிறேன். அதற்கு மேல் வரைபடம் போட்டுக் காட்டுகிறவர்களிடம் கவனமாயிருங்கள்.

என் கணவர் இந்து. அவர் கதி என்ன?

தீர்ப்புச் சொல்லும் கதிரையில் உட்கார எனக்கோ உங்கள் சபை மூப்பருக்கோ அழைப்பு வரவில்லை. சிலுவையில் கொன்றவர்களுக்காகவே மன்னிப்புக் கேட்டவரிடம் அவரை ஒப்படையுங்கள். மற்றபடி அவர் வீட்டுச் சடங்கில் எதில் நிற்பது, எதில் ஒதுங்குவது என்பதை முதலில் அவரோடு கதைத்து முடிவெடுங்கள், பிறகு போதகரோடு.

பெரிய வெள்ளி ஏன் வருடாவருடம் மாறுகிறது?

நிலாவால். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு, அதற்கு முந்திய வெள்ளி பெரிய வெள்ளி. போயா தினத்தை, அதாவது இங்கே பௌர்ணமி விடுமுறையை, கலண்டரில் பார்த்துக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 2019இல் பெரிய வெள்ளியும் ஏப்ரல் மாதப் பக் போயாவும் ஒரே நாளில் வந்தன.

வீட்டிலிருந்து யூடியூப்பில் ஆராதனை பார்த்தால் போதாதா?

நடக்க முடியாதவருக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இருக்கும் தாய்க்கு, ஞாயிறும் ஷிப்ட் உள்ள தாதிக்குப் போதும். அதோடு யாராவது வீட்டுக்கும் வரவேண்டும். மற்றவர்களுக்குப் போதாது. நாங்கள் நம்புவது சரீரம் உயிர்த்தெழுதலை என்று மேலே சொன்னேனே, சரீரத்தோடு வராமல் அதை எப்படிக் கொண்டாடுவது? போனில் பக்கத்து மாமியின் அரைச் சொல் முந்திய குரல் கேட்காது. திருவிருந்தின் அப்பம் கையில் விழாது. நீங்கள் வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது, இதுதான் பெரிய நட்டம்.

சபையில் ஒருவர் என்னைக் காயப்படுத்திவிட்டார். விட்டுவிடலாமா?

எனக்கே நடந்தது. முன்பு இருந்த ஒரு சபையில், கரோல் நிகழ்ச்சிக்குச் சேர்த்த காசின் கணக்கைக் கேட்டேன். குற்றம் சாட்டவில்லை, பற்றுச்சீட்டு எங்கே என்றுதான் கேட்டேன். அடுத்த மாதம் பாடகர் குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. ஞாயிறு காலையில் சந்தைக்குப் போனேன், கூட்டம் குறைவு, நல்ல மீன் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் அந்தச் சபையின் இரண்டு வயதான அம்மாமார் சீனிச்சம்பல் பணிஸ் பார்சலோடு வந்தார்கள். கணக்கைப் பற்றியோ ஆராதனையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தேநீர் குடித்தார்கள், என் மகனின் படிப்பைக் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். அடுத்த மாதமும் வந்தார்கள்.

மத்தேயு 18 ஒரு வரிசை சொல்கிறது: முதலில் தனியாகப் போய் அவரிடமே சொல், கேட்காவிட்டால் ஒருவரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் செய்வது தலைகீழ்: முதலில் வாட்ஸப் குழு, கடைசியில் அவர். என் பெயரை எடுத்தவரிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை. நான் வேறு சபைக்கு மாறினேன், மாறுமுன் போதகரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு. அந்த அம்மாமாரில் ஒருவரின் அடக்கத்துக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினோம், வேறு புத்தகம் இல்லாததால்.

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். நடந்தது அடி, பாலியல் தொந்தரவு, பிள்ளைகளிடம் தவறான நடத்தை என்றால் மத்தேயு 18ஐக் காட்டித் தனியாகப் பேசச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பொலிஸுக்குப் போங்கள். பிள்ளைகள் விஷயத்தில் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சபையின் பெயர் கெடும் என்பது காரணமே இல்லை.

சபைக்குள்ளும் சாதியும் அந்தஸ்தும் இருக்கிறதே?

இருக்கிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது ‘எங்கட ஆட்கள்தானே’ என்று கேட்கிறோம். யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் தேநீர் நேரத்தில் வேறு வேறு மூலையில் நிற்கும். வீட்டு வேலைக்கு வந்த பெண் எஜமானியோடு வந்தாலும் கடைசி வாங்கில் இருப்பார். கொரிந்து சபையிலும் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் எழுதினார். உயிர்த்தெழுதலைப் பற்றி அவ்வளவு எழுதிய அதே கடிதத்தில், நாலு அதிகாரம் முன்னால். நான் வகுப்பில் இரண்டையும் ஒரே நாளில்தான் வாசிக்கக் கொடுக்கிறேன்.

தசமபாகம் (வருமானத்தில் பத்திலொரு பங்கு) கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் நின்றுவிடுமா?

நிற்காது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற குடும்பத்திடம் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. முடிந்ததைக் கொடுங்கள், கணக்கையும் கேளுங்கள். (பாடகர் குழுவில் இருந்தால் யோசித்துக் கேளுங்கள்.)

வந்து பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். என்ன செய்யவேண்டும்?

ஒன்றும் கொண்டுவர வேண்டாம். முக்கால் கையும் முழங்காலுக்குக் கீழும் மூடிய சாதாரண உடுப்புப் போதும், வெள்ளைச் சேலை கட்டாயமில்லை. 2019க்குப் பிறகு பல ஆலய வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், கோபிக்காதீர்கள். கொஞ்சம் முந்தி வந்தால் கடைசி வாங்கில் மின்விசிறிக்கு நேராக இடம் கிடைக்கும். எழும்பும்போது எழும்புங்கள், தெரியாவிட்டால் உட்கார்ந்தே இருங்கள். திருவிருந்துக்கு முன்னே போகவேண்டிய கட்டாயம் இல்லை. சில சபைகளில் கையைக் கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் சொல்வார்கள். முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் இருக்கும், ஓடிவிடாதீர்கள். அரைச் சொல் முந்திப் பேசும் ஒரு மாமி உங்களிடம் வந்து எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார். அவருக்குப் பதில் சொல்லி முடிய அரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.